ஐஸ் கட்டி வேண்டாம், பழத்தையே உறைய வையுங்கள்

கேள்வி: மே விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். வெயிலுக்கு இதமாக இருக்குமே என்று மாம்பழச் சாற்றுடன் ஐஸ் கட்டிகளைப் போட்டு மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். முதல் இரண்டு மிடறு நன்றாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் மேலே ஐஸ் தூள், கீழே தண்ணீர் என்று பிரிந்து சப்பென்று ஆகிவிட்டது. மறுநாள் மிக்ஸியே நின்றுவிட்டது. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். கணவருக்குச் சர்க்கரை நோய். அவருக்கும் ஏதாவது வழி உண்டா? (வேலூர் வாசகி)

பதில்: முதலில் மிக்ஸியைப் பார்ப்போம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அங்கே சிறிய சிவப்புப் பொத்தான் இருக்கும். மோட்டாருக்குச் சுமை கூடினால் அது தானாக வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டு அதை அழுத்துங்கள். அதற்குப் பிறகும் ஓடவில்லை என்றாலோ கருகிய வாடை வந்தாலோ கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி பானம். சிறுவயதில் குச்சி ஐஸ் சாப்பிட்டதை நினைத்துப் பாருங்கள். உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் வாய்க்குள் போய்விடும். குச்சியில் வெறும் வெள்ளைப் பனிக்கட்டி நிற்கும். சர்க்கரைத் தண்ணீர் உறையும்போது தண்ணீர்தான் முதலில் கட்டியாகிறது. பாகு அந்தக் கட்டிகளின் இடுக்கில் தங்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டும் அவ்வளவு எளிதாகப் பிரிகின்றன. உங்கள் தம்ளரிலோ அவை ஆரம்பத்திலிருந்தே தனித்தனி. சாறு ஒருபுறம், சுவையே இல்லாத ஐஸ் ஒருபுறம். ஐஸ் உருக உருக, நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மாம்பழத்தில் தண்ணீர் ஊற்றியது போலத்தான்.

எனவே ஐஸ் கட்டியை அடியோடு விட்டுவிடுங்கள். குளிர்ச்சி பழத்திலிருந்தே வரட்டும். பழத்தின் நாரும் சதையும் பனித் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உருகினாலும் உருகுவது பழச்சாறுதான்.

பழத்தைத் தோல், கொட்டை நீக்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டுதான் மிக்ஸியைத் திணற வைக்கிறது. எவர்சில்வர் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி ஃபிரீசரில் வையுங்கள். பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வர் குளிரை விரைவாகக் கடத்தும். விரைவாக உறைந்தால் பனித் துகள் பொடியாக இருக்கும், நாக்கில் நறநறக்காது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இதற்கு ஆறேழு மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் வைத்துவிடுவதே சுலபம். உறைந்ததும் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். ஃபிரீசரில் மீனோ இறைச்சியோ இருந்தால் மூடி மிக அவசியம். பழம் வாடையை உடனே இழுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஈரத் தட்டை வைத்தால் அது பனியோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துவிடுங்கள். மீறி ஒட்டிக்கொண்டால் கத்தியால் நெம்பவே கூடாது. ஃபிரீசரின் சுவருக்குள் வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு சிறு ஓட்டை விழுந்தால் வாயு முழுவதும் வெளியேறிவிடும், கோடையின் நடுவில் ஃபிரிட்ஜ் பழுதுக்குப் போய்விடும். ஒரு தம்ளர் தண்ணீரை மேலே ஊற்றினால் தட்டு தானாகக் கழன்றுகொள்ளும்.

அடிக்கும் முன் உறைந்த துண்டுகளை ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். 300 கிராம் பழத்துக்கு 100 மில்லி குளிர்ந்த பால், தயிர் அல்லது சாறு போதும். திரவத்தை முதலில் ஊற்றி, பாதிப் பழத்தைப் போட்டு, விட்டுவிட்டு ஐந்தைந்து நொடி ஓட்டுங்கள். மசிந்த பிறகு மீதியைப் போடுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் பிளேடின் சூட்டிலேயே பழம் உருகிவிடும். ருசி பார்க்கும்போது இதையும் மனத்தில் வையுங்கள்: குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மங்கலாகத்தான் தெரியும். சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன் ஒரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.

எல்லாப் பழமும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. மாம்பழத்தில் பங்கனப்பள்ளி இதற்கென்றே பிறந்தது. நார் குறைவு, சதை அதிகம். இமாம் பசந்த் கிடைத்தால் பாலே வேண்டாம், தண்ணீரில் அடித்தாலே போதும். அந்த மணத்தைப் பாலில் மறைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். தர்ப்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர், ஆகவே கல்லாக உறையும். இன்னும் சிறியதாக நறுக்கிப் பத்து நிமிடம் வெளியே வைத்து, உறைய வைக்காத தர்ப்பூசணிச் சாற்றிலேயே அடியுங்கள். கிர்ணிப் பழத்தைப் பாலில் அடித்தால் உடனே குடித்துவிட வேண்டும். நேரம் ஆனால் கசக்கும்.

அன்னாசியும் பப்பாளியும் பாலுடன் சேரவே சேராது. இரண்டிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. சற்று நேரத்தில் பால் திரிந்து கசந்துவிடும். உறைய வைத்தால் அந்த நொதி அழியாது, கொதிக்க வைத்தால்தான் அழியும். இவற்றை இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துத் தண்ணீரிலேயே அடித்துவிடலாம். நுங்கை உறைய வைத்தால் அதன் வழவழப்புப் போய்விடும். வாங்கிய அன்றே கையால் பிசைந்து, அடித்த பானத்தின் மேலே போடுங்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு மிக்ஸியே வேண்டாம். விதையோடு அரைத்தால் துவர்க்கும். அரை தம்ளர் தண்ணீரில் அரைக் கிலோ பழத்தை வேகவிட்டு, மசித்து வடிகட்டி, ஆறியபின் அகலமான தட்டில் ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள். ஓரம் கட்டத் தொடங்கியதும் முள்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை என்று நான்கைந்து முறை சுரண்டினால், கருஞ்சிவப்பில் பூப்பூவாக உதிரும் பனித்தூள் கிடைக்கும். சாறு போதிய இனிப்போடு இருக்க வேண்டும்; லிட்டருக்குப் பழத்தின் சொந்த இனிப்பையும் சேர்த்து 150 கிராம் அளவில் சர்க்கரை இருந்தால் பதம் சரியாக வரும். குறைந்தால் பாறையாகும், மிகுந்தால் உறையாமல் கொழகொழக்கும். சுரண்டும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அந்தப் பிற்பகல் முழுவதும் ஃபிரிட்ஜைச் சுற்றியேதான் இருப்பார்கள்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரைகள் இங்கே உதவாது. சர்க்கரை வெறும் இனிப்புக்காக மட்டும் அல்ல, தண்ணீர் முழுவதும் இறுகிவிடாமல் தடுப்பதும் அதுதான். மாத்திரையில் அந்த வேலையைச் செய்யும் அளவுக்குப் பொருள் கிடையாது. மேலும், அடித்த பழம் கடித்துத் தின்பதைவிட வேகமாக உள்ளே இறங்கும். இரண்டு மாம்பழம் ஒரே தம்ளரில் போய்விடும். பழத்தின் அளவு அவருடைய மருத்துவர் சொன்னபடிதான் இருக்க வேண்டும்.

அவருக்கு நான் சொல்வது மோர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு சேர்த்து அடித்து வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். வெயிலில் வீட்டுக்கு வந்ததும் நான்கு மோர்க் கட்டிகளைத் தம்ளரில் போட்டு, குளிர்ந்த மோரையே மேலே ஊற்றிக் கொடுங்கள். உருகினாலும் மோர் நீர்த்துப் போகாது. இரத்த அழுத்தமும் இருந்தால் உப்பைக் குறைத்துவிடுங்கள். வெள்ளரிக்காயைத் துருவி உறைய வைத்து இதனுடன் அடித்தால் பிள்ளைகளும் கேட்பார்கள்.

சுத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிரில் கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன, உருகியதும் விழித்துக்கொள்ளும். காய்ச்சி ஆறிய தண்ணீர், காய்ச்சி ஆறிய பால் மட்டுமே சேருங்கள். சாலையோரத்தில் வெட்டி வைத்த தர்ப்பூசணியை வாங்கி உறைய வைக்க வேண்டாம். முழுப் பழத்தை வாங்கி, வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவுங்கள். கத்தி தோலில் உள்ள அழுக்கைச் சதைக்குள் கொண்டுபோய்விடும்.

ஊருக்குப் போயிருக்கும்போது மின்வெட்டு வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. கிண்ணத்தின் அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.