கோடையில் பாலைவன பைக் கேம்பிங்: 5 லிட்டர் தண்ணி போதாது

மூணு நாள் தனிப் பயணம், 5 லிட்டர் தண்ணி, மெஷ் ஜாக்கெட் (காத்து உள்ள புகுற வலைத்துணி ஜாக்கெட்), காய்ஞ்ச ஆத்துப்படுகையில கூடாரம்னு உங்க பயணத் திட்டத்தை எழுதியிருக்கீங்க. முதல்ல அந்தப் படுகையை விடுங்க. உங்க தலைக்கு மேல வானம் வெளுத்துக் கிடந்தாலும், எங்கேயோ மலையில பெய்ஞ்ச மழை ராத்திரி அந்த வழியாத்தான் இறங்கும்.

தண்ணி ஒரு நாளைக்கே 6 முதல் 8 லிட்டர் வைங்க. ஒரே கேன்ல வேண்டாம். அது ஓட்டையானா அவ்வளவுதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வேணும், வெறும் தண்ணியாவே குடிச்சா உடம்புல உப்பு குறைஞ்சிடும்.

மெஷ் ஜாக்கெட் விஷயத்துல நானும் ஏமாந்திருக்கேன். தோலோட சூடு சுமார் 35 டிகிரி. காத்து 42ல அடிச்சா அது ஹேர் டிரையர்தான். வியர்வை வந்த வேகத்துல காய்ஞ்சுடும், சட்டை நனையவே நனையாது, உதட்டுல மட்டும் உப்புக் கரிக்கும். அப்பவே உடம்பு வத்த ஆரம்பிச்சாச்சு. டி-ஷர்ட்டை நல்லா நனைச்சுப் போட்டு, மேல காத்து அதிகம் புகாத ஜாக்கெட்டை மாட்டுங்க. கழுத்தையும் மணிக்கட்டையும் லேசாத் திறந்து வைங்க. ஈரம் மெதுவா காயும், அதுவரைக்கும் குளிர்ச்சி.

விடியறதுக்கு முன்னாடி கிளம்பி 10 மணிக்குள்ள நிழல்ல ஒதுங்கிடுங்க. சைடு ஸ்டாண்டுக்கு அடியில வைக்க ஒரு தட்டையான பலகைத்துண்டு எடுத்துக்கோங்க, மணல்ல சாய்ஞ்ச வண்டியை ஒத்தை ஆளாத் தூக்கினா இடுப்பு போயிடும். காலைல பூட்ஸைத் தட்டிட்டுப் போடுங்க, தேள் இருக்கும். எந்த வழி, எப்போ திரும்புவீங்கன்னு வீட்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.

டயர் அளவையும் மொத்தச் சுமையையும் போட்டீங்கன்னா காத்தழுத்தம் பத்திச் சொல்றேன்.