உறையிலிருந்து வாள் வெளியே வரும் வரை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், வாள் சண்டைப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டிருந்தார். ‘ஹராகிரி’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. சிலர் கைகுலுக்கியிருக்கிறார்கள், பலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க ஜப்பானின் அந்தக் கால வாள் வீரர்களான சாமுராய்தான். சில படங்களின் முடிவு அங்கங்கே வெளியே வந்துவிடும், பார்க்காதவர்கள் உஷார்.

கே: உங்கள் பேச்சை நம்பி ‘ஹராகிரி’ பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் பெரும்பகுதி ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். இதுவா சண்டைப் படம்? (வாசகர், திருச்சி)

ப: உட்கார்ந்து பேசுகிறார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பேச்சுதான் சண்டையே. 1630-ல் நடக்கும் கதை. போர்கள் ஓய்ந்துவிட்டன, பல பிரபுக்களின் குலங்களை ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி கலைத்துவிட்டது, வேலை போன சாமுராய்கள் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மாளிகை வாசல்களில் வந்து நின்று "உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கேட்டால் சங்கடப்பட்டுக் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற நப்பாசை. ஈயி குலத்தார் மட்டும், இப்படி வந்த ஓர் இளைஞனைப் பிடித்து, கேட்டபடியே செய் என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். அவன் இடுப்பில் இருப்பதோ மூங்கில் கத்தி. நோயாளி மனைவிக்கும் குழந்தைக்கும் செலவு செய்ய நிஜக் கத்தியை எப்போதோ விற்றுவிட்டான். பரவாயில்லை, அந்த மூங்கிலாலேயே கிழித்துக்கொள் என்கிறார்கள்.

இதற்குப் பிறகு அதே முற்றத்தில் வந்து உட்காருகிறார் படத்தின் நாயகன், நடிகர் தத்சுயா நகாடாய். வயிற்றைக் கிழித்ததும் தலையை வெட்ட இன்ன வீரர் துணைக்கு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று பதில் வருகிறது. சரி, அப்படியானால் இவர் வரட்டும் என்று இன்னொரு பெயர். அவருக்கும் உடம்பு சரியில்லை. மூன்றாவது பெயருக்கும் அதே பதில் வரும்போது, மாளிகை நிர்வாகியின் முகத்தைப் பாருங்கள். இங்கே வருவதற்கு முன்பே நகாடாய் அந்த மூன்று பேரையும் சாய்த்துவிட்டார் என்பது அவருக்குப் புரியத் தொடங்கும் இடம் அது. காற்றில் புல் அலையடிக்கும் வெட்டவெளியில் ஒரு சண்டையும் உண்டு, அதை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை. அதற்குள் தூங்கிவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம்.

கே: ‘ஏழு சாமுராய்’ உலகின் சிறந்த படம் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். மூன்றரை மணி நேரம் சார்! முதல் ஒரு மணி நேரம் ஆள் பிடிப்பதிலேயே போகிறது. கொஞ்சம் வெட்டினால் என்ன? (வாசகர், கோவை)

ப: வெட்டித்தான் பார்த்தார்கள். 1954-ல் வெளிவந்த 207 நிமிடப் படம் வெளிநாடுகளுக்குப் போனபோது கணிசமாகச் சுருக்கப்பட்டுத்தான் போனது. வெட்டினால் எது போகும் தெரியுமா, நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த ஆள் பிடிக்கும் பகுதிதான். அதில்தான் கியூசோ வருகிறார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். வாட்டசாட்டமான ஒருவனோடு முதலில் கழியால் மோதிப் பார்க்கிறார். இரண்டு பேர் கழியும் ஒரே நேரத்தில் பட்டது, சமம்தான் என்கிறான் எதிராளி. இல்லை, நிஜ வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்கிறார் கியூசோ, அதுவும் வம்பிழுக்கும் தொனியில் இல்லை, சாதாரணமாக. அவனுக்கு ரோஷம் வந்து வாளை உருவுகிறான். ஒரே வீச்சு. அவன் மெதுவாகச் சாய்ந்து விழ, படம் நிதானமாகி, தூசி எழும்புகிறது. கியூசோவுக்கு அந்தச் சண்டையில் விருப்பமே இல்லை என்பதுதான் அந்தக் காட்சியின் அழகு.

இந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைசி மழைச் சண்டைக்கு வாருங்கள். பிப்ரவரிக் குளிரில், சேற்றில், பல காமிராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, தூரத்திலிருந்து இழுத்துக் காட்டும் லென்ஸ்களோடு இயக்குநர் அகிரா குரோசாவா எடுத்தது. குதிரை வழுக்குகிறது, ஆள் வழுக்குகிறான், யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. அங்கே கியூசோ எப்படிச் சாகிறார்? துப்பாக்கிக் குண்டில். ஏழு பேரில் நான்கு பேர் இறக்கிறார்கள், நான்கு பேரையும் கொல்வது துப்பாக்கிதான், ஒருவரைக்கூட வாள் வீழ்த்தவில்லை. முதல் ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டால் இந்த இடத்தில் உங்களுக்கு எதுவும் வலிக்காது. படத்தின் நடுவே குரோசாவாவே இடைவேளை விட்டிருக்கிறார், எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கே: எனக்கு வயது 21. கறுப்பு வெள்ளைப் படங்கள் மேடை நாடகம் மாதிரி இருக்கின்றன. ‘ருரோனி கென்ஷின்’, ‘13 அசாசின்ஸ்’ இவற்றின் வேகத்துக்கு முன்னால் அதெல்லாம் நிற்குமா? (வாசகர், சென்னை)

ப: ‘கென்ஷின்’ எனக்கும் பிடிக்கும். 2012-ல் வந்த முதல் பாகத்தில் தகேரு சாடோ ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது. சண்டை அமைத்த கென்ஜி தனிகாகி ஹாங்காங் படங்களில் சண்டை நடிகர் டோனி யென்னோடு வேலை செய்தவர், அந்தக் கை அங்கே தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா, கென்ஷின் வைத்திருக்கும் வாளில் வெட்டும் விளிம்பு தலைகீழாக, பின்பக்கம் இருக்கும். இனிக் கொலை செய்வதில்லை என்று முடிவெடுத்தவன் அவன். அத்தனை வேகத்துக்கு நடுவிலும் நம்மைப் பிடித்து வைப்பது, இவன் அந்த வாளைத் திருப்பிப் பிடித்துவிடுவானோ என்ற பயம்தான்.

‘13 அசாசின்ஸ்’ 2010-ல் தகாஷி மீகே எடுத்தது. முதல் பாதி எனக்கு அபாரமான படம். அந்தப் பிரபுவின் கொடூரத்தை அவர் காட்டும் விதத்தில், யாராவது இவனை வெட்டித் தொலையுங்களேன் என்று நாமே கேட்க ஆரம்பித்துவிடுவோம். பிறகு ஒரு கிராமத்தையே பொறியாக மாற்றி, 13 பேர் 200 பேரை மடக்கும் முக்கால் மணி நேரச் சண்டை. உங்களுக்கு அதுதான் படம். எனக்கு அதில் பாதிக்கு மேல் கை வலித்தது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கே. முதுகில் தீ எரிய ஓடிவரும் மாடுகளைப் பார்த்துச் சிரித்தும்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

கே: வெட்டினால் ரத்தம் குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சி அடிக்கிறதே, இதை யார் ஆரம்பித்து வைத்தது? (வாசகி, சேலம்)

ப: குரோசாவாதான். 1962, ‘சஞ்சூரோ’. அதற்கு முன்னால் வந்த படங்களில் வெட்டுப்பட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாசூக்காக விழுவார், சட்டையில் ஒரு சொட்டு இருக்காது. ‘சஞ்சூரோ’வின் கடைசியில் நாயகனாக வரும் தோஷிரோ மிஃபூனேவும் எதிரியாக வரும் நகாடாயும் கையெட்டும் தூரத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். நிற்கிறார்கள், நின்றுகொண்டே இருக்கிறார்கள். பேச்சு இல்லை, இசை இல்லை. சட்டென்று ஒரே அசைவு, நகாடாயின் மார்பிலிருந்து ரத்தம் ஊற்றாக வெடிக்கிறது.

இதைப் பார்த்த மற்றவர்கள் ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அந்த நீண்ட நிற்பை விட்டுவிட்டார்கள். 1970-களின் ‘லோன் உல்ஃப் அண்ட் கப்’ வரிசை, ‘லேடி ஸ்னோபிளட்’, அங்கிருந்து 2003-ன் ‘கில் பில்’ வரை ஊற்று வற்றவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வெட்டைப் பார்த்து வாய்பிளந்து பாராட்டும் இளைஞர்களை மிஃபூனே அங்கேயே திட்டுகிறார். நல்ல வாள் உறைக்குள்தான் இருக்கும் என்று ஒரு வயதான அம்மாள் படத்தில் முன்பே அவரிடம் சொல்லியிருப்பார். தன்னைப் போலவே இவனும் உறையில்லாத வாள் என்று செத்துக் கிடப்பவனைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். ஊற்றை ரசித்த நாமும் அந்தத் திட்டைச் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கே: பத்து பேர் சுற்றி நிற்கிறார்கள். ஆனால் வரிசையில் நிற்பது போல ஒவ்வொருவராக வந்து வெட்டு வாங்கிச் சாகிறார்கள். நான் சிலம்பம் பழகுகிறவன், எனக்குச் சிரிப்பு வருகிறது. உண்மையாக எடுத்த படமே கிடையாதா? (வாசகர், தூத்துக்குடி)

ப: உங்கள் சிரிப்பு நியாயம். இந்தக் கேள்வியைக் குரோசாவா 1950-லேயே ஒரு படத்துக்குள் வைத்துவிட்டார். ‘ராஷோமோன்’ பாருங்கள். அதில் ஒரே சண்டை இரண்டு விதமாக வரும். கொள்ளைக்காரன் வாயால் சொல்லும்போது அது வீரக்கதை. இருவரும் 23 முறை வாளோடு வாள் மோதினோமாம், என்னோடு இருபதுக்கு மேல் தாக்குப்பிடித்தவன் இவன் ஒருவன்தான் என்று பெருமை அடிக்கிறான். பிறகு அதையே மரம்வெட்டி தான் பார்த்ததாகச் சொல்கிறான். இரண்டு பேருக்கும் கை நடுங்குகிறது. வாள் நுனி உரசிய உடனே இருவரும் பயந்து பின்னால் ஓடுகிறார்கள். தடுக்கி விழுகிறார்கள், தவழ்கிறார்கள், மூச்சிரைக்கும் சத்தம்தான் காதில் விழுகிறது. உயிர் போய்விடுமோ என்று பயந்தவர்கள் இப்படித்தான் சண்டை போடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பழகியவர் நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நிஜப் போர்க்களத்தில் சாமுராய் முதலில் நம்பியது வில்லையும் ஈட்டியையும். 1543-ல் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி வந்த பிறகு அதையும் சேர்த்துக்கொண்டார்கள். இடுப்பு வாள் அந்தஸ்தின் அடையாளமாகப் பெருமை பெற்றது, பெரிய போர் இல்லாத எடோ காலத்தில்தான். நாம் பார்க்கும் படங்களில் பாதிக்கு மேல் அந்த அமைதியான காலத்தில் நடப்பவையே.

கே: 1950, 60-களில் மட்டும் ஏன் இத்தனை சாமுராய் படங்கள்? (வாசகர், நாகர்கோவில்)

ப: தேக்கி வைத்த அணை திறந்தது. 1945-ல் தோற்ற ஜப்பானை அமெரிக்கப் படைகள் நிர்வகித்தபோது, வாள், பழிவாங்கல், எஜமான விசுவாசம் இவற்றைப் போற்றும் படங்களுக்குத் தடையும் தணிக்கையும் இருந்தன. குரோசாவா 1945-ல் எடுத்த ஒரு சரித்திரப் படம் 1952-ல்தான் திரைக்கு வந்தது. அதே ஆண்டு ஆக்கிரமிப்பு முடிந்தது, அப்புறம் கேட்கவா வேண்டும்.

கே: ‘தி லாஸ்ட் சாமுராய்’ பார்த்து நான் அழுதேன். என் நண்பன், ஒரு வெள்ளைக்காரன் போய் சாமுராய்களுக்கே வீரம் கற்றுக்கொடுக்கும் படம் என்று கிண்டல் செய்கிறான். யார் சரி? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: அழுததில் தப்பில்லை, கென் வதனபே நடித்தால் அழுகை வரத்தான் செய்யும். நண்பர் கிண்டலிலும் பாதிதான் சரி, படத்தில் கற்றுக்கொள்கிறவர் டாம் குரூஸ்தான். என் சண்டை வேறு. அந்தக் கதைக்கு அடிப்படை 1877-ல் சைகோ தகாமோரி தலைமையில் நடந்த சத்சுமா கிளர்ச்சி. படத்துச் சாமுராய்கள் துப்பாக்கியைத் தொட மறுக்கும் புனிதர்கள். சைகோவின் ஆட்களோ துப்பாக்கியும் பீரங்கியும் வைத்துத்தான் மாதக்கணக்கில் போரிட்டார்கள். குண்டுகள் தீர்ந்து, ஆட்கள் சில நூறாகக் குறைந்த பிறகு செப்டம்பர் 24 அன்று ஷிரோயாமா குன்றிலிருந்து இறங்கியதுதான் அந்தக் கடைசி வாள் பாய்ச்சல். கோபத்துக்குக் காரணங்களும் மண்ணில் கால் பதித்தவை: 1876-ல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது, பரம்பரை மானியமும் போனது. மானியம் போன மனிதர்களின் கதையை ஹாலிவுட் ஏனோ எடுக்கவில்லை, மலர்கள் உதிரும் கதையாக எடுத்துவிட்டது.

கே: எம்.ஜி.ஆர். – நம்பியார் கத்திச் சண்டைக்கு இவர்கள் யாராவது ஈடாவார்களா? (வாசகர், புதுச்சேரி)

ப: அது வேறு ஜாதி. படிக்கட்டில் ஏறி இறங்கி, மேஜையைத் தாண்டி, எதிரியின் கத்தி கீழே விழுந்தால் எடுத்துக்கொள் என்று சிரித்தபடி நிற்பது பழைய ஹாலிவுட் நாயகர்களான டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், எரால் ஃபிளின் வழி. அங்கே சண்டை நீள நீள ஆனந்தம். சாமுராய் படத்தில் சண்டை நீண்டால் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டுக்கும் விசில் அடிக்க நமக்கு வாய் இருக்கிறது.

கே: என் மனைவிக்கு வெட்டுக் குத்து ஆகாது. அவரோடு சேர்ந்து பார்க்க ஒரு சாமுராய் படம் சொல்லுங்கள். (வாசகர், ஈரோடு)

ப: ‘தி ட்வைலைட் சாமுராய்’, 2002, யோஜி யமடா எடுத்தது. ஹிரோயுகி சனாடா இதில் பண்டகசாலைக் கணக்கர் மாதிரியான ஒரு கீழ்நிலைச் சாமுராய். மனைவி இறந்துவிட்டார், இரண்டு பெண் குழந்தைகள், நினைவு தப்பிய தாய். வேலை முடிந்ததும் மற்றவர்களோடு குடிக்கப் போகாமல் வீட்டுக்கு ஓடுவதால் ஊர் அவரைக் கேலி செய்கிறது. ஒருநாள் மேலிடம் கூப்பிட்டு, வீட்டுக்குள் அடைந்துகொண்டு சரணடைய மறுக்கும் ஒருவனை வெட்டிவிட்டு வா என்கிறது.

போகிறார். இருட்டு வீடு. அந்த மனிதன் குடித்துக்கொண்டே, உட்கார் பேசலாம் என்கிறான். இரண்டு பேரும் மனைவியை இழந்த கதையைப் பேசுகிறார்கள். கிட்டத்தட்ட, போய்விடு, நான் பார்க்கவில்லை என்று விட்டுவிடும் நிலைக்கு வந்துவிடுகிறார் சனாடா. அப்போது பேச்சுவாக்கில், மனைவியின் ஈமச் செலவுக்கு வாளை விற்றுவிட்டேன், உறைக்குள் இருப்பது மூங்கில்தான் என்று காட்டிவிடுகிறார். ஆமாம், ‘ஹராகிரி’யில் பார்த்த அதே மூங்கில். எதிரிக்கு அவமானமாகிவிடுகிறது, என்னை மூங்கிலோடு கொல்ல வந்தாயா என்று கொதித்து எழுகிறான். சனாடாவிடம் இருப்பது குறுவாள் ஒன்றுதான். தாழ்ந்த கூரைக்குள் நீண்ட வாளை ஓங்குகிறவனுக்கு உத்தரம் இடிக்கும் அல்லவா, அதில்தான் எல்லாம் முடிகிறது. ரத்தம் உண்டு, ஆனால் அளவாக. மனைவி பார்ப்பார்.

கே: பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பார்க்க? (வாசகி, தஞ்சாவூர்)

ப: ‘தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்’, 1958. பேராசை பிடித்த இரண்டு கோமாளி விவசாயிகள், ஓர் இளவரசி, விறகுக் கட்டைக்குள் ஒளித்த தங்கம். கடிவாளத்தை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாளைத் தூக்கிப் பிடித்தபடி மிஃபூனே குதிரையில் துரத்தும் காட்சி வரும்போது பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நிற்பார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ் இதிலிருந்து எடுத்துக்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், அதைச் சொன்னால் இன்னும் ஆர்வமாக உட்காருவார்கள். நகாடாய் நடித்த ‘தி ஸ்வார்ட் ஆஃப் டூம்’ பக்கம் மட்டும் இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள், அதில் முதல் ஐந்து நிமிடத்திலேயே மலைக் கணவாயில் ஒரு கிழவரை வெட்டிவிடுவார்.