பராமரிப்பாளர் சோர்வு என்றால் என்ன?

கணவருக்கோ மனைவிக்கோ புற்றுநோய் முற்றிய நிலையில், பார்த்துக்கொள்பவர் ஏன் இப்படி ஓய்ந்துபோகிறார் என்று பலர் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் நோயாளியைக் கவனிப்பவரின் உடலும் மனமும் தளர்ந்துபோவதுதான் பராமரிப்பாளர் சோர்வு.

பெரிய காரணம் தூக்கமின்மை. வலிக்கான மார்ஃபின் மாத்திரையைப் பலருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியிருக்கும். நடுவில் கண் மூடினாலும் காது அவர் மூச்சிலேயே இருக்கும். அவர் மாத்திரை வேளை தவறாது. உங்கள் பிரஷர் மாத்திரை மட்டும் அட்டையிலேயே பிரிக்காமல் கிடக்கும். முதலில் அதை எடுத்துப் போடுங்கள்.

கோடைக் கிணறு மாதிரிதான் இது. ஊறவிடாமல் இறைத்தால் சேறுதான் வரும். வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ நாத்தனாரோ அவர் பக்கத்தில் படுக்கட்டும். நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்பவர்களிடம் இந்த வேலையைத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலி தணிப்புச் சிகிச்சை என்றாலே கடைசி நாட்கள் என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போதே சேர்த்து எடுக்கலாம், குடும்பத்தாரைத் தாங்குவதும் அதன் வேலைதான்.