ஒன்பது நகரங்களா, ஒரே ரயில் பாதையா?

கேள்வி: அன்புள்ள ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் வரும் மே மாதம் மூன்று வாரம் ஐரோப்பா போகிறோம். பாரிஸ் தொடங்கி புடாபெஸ்ட் வரை ஒன்பது நகரங்களைக் குறித்திருக்கிறேன். எனக்குக் கட்டடங்களும் பாலங்களும் பிடிக்கும், அவளுக்கு மலையும் ஏரியும். பட்டியலைப் பார்த்துவிட்டு, “இதில் நான் எங்கே நடப்பது?” என்கிறாள். என்ன செய்யலாம்?
– ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. ஒன்பது நகரம் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை பெட்டி கட்டியாக வேண்டும். நானும் என் மனைவியும் இப்போதெல்லாம் ஒரு பயணத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஊர்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் இருவருக்கும் ஒத்துவரும் நாடு ஸ்லோவேனியா.

முதல் வாரம் அதன் தலைநகரான லுப்லியானாவில் தங்குங்கள். பழைய நகர மையத்துக்குள் கார்கள் வருவதில்லை. அந்த நகரத்தின் முகத்தை மாற்றியவர் கட்டடக் கலைஞர் யோஜே பிளெச்னிக். பழைய பாலம் ஒன்று போதவில்லை என்றபோது அதை இடிக்காமல், இருபுறமும் நடப்பவர்களுக்கென்று இரண்டு பாலங்களைச் சேர்த்தார். அவருடைய பணிகள் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. ஆற்றோரச் சந்தையும் அவர் வடிவமைத்ததுதான். அங்கே தினமும் காலையில் காய்கறி வாங்கப் போங்கள். நான்காம் நாள் கடைக்காரரே உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். அந்தச் சந்தோஷம் ஒன்பது நகரப் பட்டியலில் கிடைக்காது.

அப்புறம் போகின் ஏரி. ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நடக்கலாம். வடகரை அமைதியானது, தென்கரையோரம் சாலை போகிறது. மே மாதத்தில் உயரமான மலைப்பாதைகளில் பனி கிடக்கும், மழையும் அடிக்கடி வரும். ஆகவே நாட்களைத் தாராளமாக ஒதுக்குங்கள். முடிந்தால் பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவையுங்கள், அதுவே என் விருப்பம். பிளெட் ஏரி அழகுதான், ஆனால் கூட்டம் அதிகம். அரை நாள் போதும்.

ஏரிக்குப் பக்கத்து ஊரான போகின்ஸ்கா பிஸ்திரிட்சாவிலிருந்து போகும் ரயில் பாதை உங்களுக்காகவே போட்டதுபோல இருக்கும். ஆஸ்திரியப் பேரரசு த்ரியெஸ்தே துறைமுகத்தை எட்டுவதற்காக 1906இல் திறந்த பாதை அது. ஊரைத் தாண்டியதும் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம். பிறகு சோச்சா ஆற்றின் பச்சைத் தண்ணீர் கூடவே வரும். கடைசியில் சோல்கன் பாலம்: கல்லால் கட்டிய ஒரே வளைவு 85 மீட்டர் தாண்டுகிறது. கல் வளைவு ரயில் பாலங்களில் உலகிலேயே பெரியது. முதல் உலகப் போரில், 1916இல், அதைத் தகர்த்தார்கள். பிறகு இத்தாலியர்கள் அதே கல் வளைவாகத் திரும்பக் கட்டினார்கள். ரயிலில் உட்கார்ந்திருந்தால் பாலம் கண்ணில் படாது. பாலத்துக்குப் பக்கத்து ஊரான நோவா கோரிட்சாவில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்துபோய்ப் பாருங்கள். மூன்றாம் வாரத்தை அங்கேயும், எல்லை தாண்டி இத்தாலியின் த்ரியெஸ்தேயிலும் கழிக்கலாம்.

இன்னொன்று. எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டியதில்லை. நீங்கள் பாலத்தடியில் நிற்கும் நேரத்தில் அவர் காட்டில் நடக்கட்டும். இரவுச் சாப்பாட்டில் பேச நிறைய இருக்கும்.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் டிக்கெட்டுக்கு முன்னால் ஊர்களை முடிவு செய்துவிடுங்கள். இந்த முறை பட்டியலை அவர் எழுதட்டும்.