மருத்துவம்: கேள்வி – பதில்

கேள்வி: கெளுத்தி முள் குத்தி இரண்டாம் நாளே அப்பாவுக்கு (62) கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் 101, நாடி 104, மூச்சு 24, பிரஷர் மேலே 106, ஆக்சிஜன் 95 என்று குறித்தார்கள். தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் நர்ஸம்மா, "மதிப்பெண் 6" என்று சொல்லி, 108-ஐ வரவழைத்து ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிட்டார். பிரஷர் இருக்கும்போதே எதற்கு இந்த அவசரம்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பிரஷர் விழுந்தபிறகு அனுப்பினால் நேரம் கடந்திருக்கும். அவர் போட்டது, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்-2 என்ற மதிப்பெண் கணக்கு. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் வெளியிட்டது. மூச்சு 21–24 இருந்தால் 2. நாடி 91–110, பிரஷர் 101–110, ஆக்சிஜன் 94–95, காய்ச்சல் 38.1–39 செல்சியஸ் (101 டிகிரி என்பது 38.3) ஒவ்வொன்றுக்கும் 1. ஆக 6. தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஆனால் கூட்டினால் 5 வந்தாலே மருத்துவர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 என்றால் ஐ.சி.யூ. குழுவையே கூப்பிட வேண்டும்.

செப்சிஸை (கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாவது) சந்தேகிக்க 2016-ல் வந்த இன்னொரு கணக்கான கியூ-சோஃபாவில் மூன்றே அம்சங்கள்: மூச்சு 22-க்குக் குறையாமல், பிரஷர் 100-க்கு மேற்படாமல், புத்தித் தடுமாற்றம். இரண்டு பொருந்தினால்தான் எச்சரிக்கை. உங்கள் அப்பாவுக்கு ஒன்றுதான் பொருந்துகிறது, விட்டிருப்பார்கள்! கியூ-சோஃபாவை மட்டும் நம்பி நோயாளிகளைத் தரம்பிரிக்காதீர்கள் என்று 2021-ன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி சொல்வதும் இதனால்தான்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் மூச்சில். வார்டு முழுக்க எல்லோருக்கும் 20 என்று இருந்தால் அது எண்ணியதல்ல, எழுதியது. நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற பிரஷர், இதய மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு நாடி ஏறாது. வயதானவருக்குக் காய்ச்சலே வராமல் உடம்பு குளிர்ந்தும் போகலாம். 35 டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழ் என்றால் அதற்கே 3 மதிப்பெண்.

இந்த மதிப்பெண்ணுக்குக் காயம் தெரியாது. ஆஸ்துமாவிலும் அது ஏறும். அதனால் "கடல் தண்ணீர் பட்ட புண்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி, சர்க்கரை நோயோ ஈரல் கோளாறோ உள்ளவர்களின் தசையைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். அதற்குத் தரும் ஆன்டிபயாடிக்கும் வேறு. வீக்கம் பரவினாலோ, ரத்தக் கொப்புளம் கிளம்பினாலோ மதிப்பெண் 2-ஆக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பிரஷர் மெஷினும் ஆக்சிமீட்டரும் இருக்கின்றன. நாங்களே மதிப்பெண் போடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: எண்களைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், போதும். கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஈரக்கையில், குளிர்ந்த விரலில் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். துடைத்து, தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். காய்ச்சல்காரர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால் கருவியைத் தேடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.