‘இஃப்’ வாக்கியங்களில் எந்தக் காலத்து வினையை எங்கே பயன்படுத்த வேண்டும்?

‘இஃப்’ வரும் ஆங்கில வாக்கியங்களில் வினையின் காலத்தை எப்படித் தீர்மானிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் போட்டித் தேர்வு எழுதுவோருக்கு ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். பாடநூலில் உள்ள மூன்று வகைகளையும் மனப்பாடம் செய்வதற்கு முன்னால், சொல்லப்படும் செயல் நடக்கும் என்று பேசுபவர் எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோடை மழை நன்றாகப் பெய்துவிட்டால், பத்து நாள் வாக்கில் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மார்ச் மாதத்தில் மேகம் திரள்வதைப் பார்த்துப் பேசும் தோட்டக்காரர், ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, த காஃபி வில் ஃப்ளவர்’ என்பார். மழைக்கான அறிகுறியே இல்லாமல் வெயில் காயும்போது அவரே, ‘இஃப் இட் ரெயின்ட் டுமாரோ, த காஃபி வுட் ஃப்ளவர்’ என்பார். இரண்டும் நாளைய மழையைப் பற்றியவைதாம். ‘ரெயின்ட்’ என்ற வடிவம் இங்கே நேற்றைக் குறிக்கவில்லை, எதிர்பார்ப்பு இல்லை என்பதையே குறிக்கிறது. மழை பொய்த்த வருத்தத்தை மே மாதத்தில் சொல்லும்போதுதான், ‘இஃப் இட் ஹேட் ரெயின்ட் இன் மார்ச், த காஃபி வுட் ஹேவ் ஃப்ளவர்ட்’ என்று வரும்.

பாடநூல் சொல்லும் மூன்று வகைகளும் இந்த மூன்று வாக்கியங்கள்தாம். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டாவது வாக்கியத்தில்தான். தமிழில் முதல் இரண்டுக்கும் ‘பெய்தால் பூக்கும்’ என்பதே போதும். மூன்றாவதற்கு மட்டும் ‘பெய்திருந்தால் பூத்திருக்கும்’ என்கிறோம். ஆனால் ‘பெய்தது–பெய்தால்’, ‘வந்தது–வந்தால்’, ‘போனது–போனால்’ என்று கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், இனி நடக்க வேண்டியதைச் சொல்ல நாமும் இறந்தகாலச் சாயலுள்ள வடிவத்தையே அன்றாடம் பயன்படுத்துகிறோம் என்பது விளங்கிவிடும். அதன்பின் ‘ரெயின்ட்’ யாரையும் மிரட்டுவதில்லை.

எதிர்காலத்தைக் குறித்தாலும், ‘இஃப்’ பகுதியில் பொதுவாக ‘வில்’ சேர்க்கக் கூடாது. ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்று பணிவாகக் கேட்கும்போது வருவது, ஒருவருடைய இசைவைக் குறிக்கும் ‘வில்’ என்பதால் அது பிழையன்று.

வாக்கியத்தின் இரு பகுதிகளும் ஒரே வகையில்தான் அமைய வேண்டும் என்றும் கட்டாயமில்லை. காலையில் முதல் பஸ்ஸைத் தவறவிட்டுச் சேலத்திலேயே நிற்கும் ஒருவர், ‘இஃப் ஐ ஹேட் காட் த ஃபர்ஸ்ட் பஸ், ஐ வுட் பி இன் ஏற்காடு நவ்’ என்று சொல்லலாம். காரணம் காலையோடு முடிந்துவிட்டது, விளைவு இப்போதும் நீடிக்கிறது. மூன்று வகைகளில் எதிலும் அடங்கவில்லை என்பதற்காக இத்தகைய வாக்கியத்தைத் திருத்திவிடாதீர்கள். அது சரியான ஆங்கிலமே.