கதிரை என்று வாசித்த பிள்ளை

அன்புள்ள அக்கா,

எனக்கு மல்லாவிப் பக்கம். மகனுக்கு நாலரை வயது. முன்பள்ளிக்குப் போகிறான், அடுத்த வருடம் தரம் 1. பக்கத்து வீட்டுப் பிள்ளை கொப்பி நிறைய எழுதுகிறாள். இவன் யூரியூப்பில் பார்த்து அ, ஆ பாட்டை முழுக்கப் பாடுவான். ஆனால் 'ம'வைத் தனியாகக் காட்டினால் முழிக்கிறான். எந்தப் புத்தகம் வாங்குவது, போனில் எதைப் போட்டுக் கொடுப்பது என்று சொல்வீர்களா? புத்தகம் வாங்கக் கிளிநொச்சிக்குத்தான் போகவேண்டும், அதனால் ஒரே தடவையில் சரியாக வாங்க விருப்பம். இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2008இல் இடம்பெயரும்போது நான் நாலாம் வகுப்பு. அதற்குப் பிறகு படிப்பு விட்டு விட்டுத்தான் போனது. சத்தமாக வாசித்தால் தடக்கும். நான் வாசித்துக் காட்டி அவனும் பிழையாகப் பழகிவிடுவானோ என்று பயம். பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

கடைசியில் எழுதியதை முதலில் எடுக்கிறேன். நீங்கள் தடக்கித் தடக்கி வாசிப்பதால் பிள்ளை கெட்டுப்போக மாட்டான். விரலை வைத்து ஆறுதலாக வாசிக்கிற அம்மாவின் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு, வாயில் வருகிற சத்தம் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். கடகடவென்று வாசிக்கிறவரிடம் அது பிடிபடாது. அவன் நித்திரையான பிறகு அடுத்த நாள் கதையை ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். நாலு வரிதானே. தடக்குகிற சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள். இடம்பெயர்ந்த அந்த நாட்களில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது, அவனோடு சேர்ந்து உங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, புத்தகம். அதற்கு முன் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு முன்பள்ளிக்குப் போயிருந்தேன். இந்தியாவில் அச்சான ஒரு படப் புத்தகம். ஒரு பக்கத்தில் நாற்காலியில் ஒரு பூனை, கீழே "நாற்காலியின் மேல் பூனை" என்று ஒரு வரி. ஐந்து வயது இருக்கும் பெடியன், விரலை வரியின் இடப்பக்கத்தில் வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே "கதிரைக்கு மேல பூனை" என்றான். பார்வையிட வந்திருந்த ஒரு பெரியவர், "பிழை. நாற்காலி" என்றார். பெடியன் விரலை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நாங்கள் அங்கே இருந்த மட்டும் அந்த விரல் வெளியே வரவில்லை.

அவனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று யோசியுங்கள். எழுத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது, அது இடமிருந்து வலம் போகிறது, படமும் வரியும் ஒன்றையே சொல்கின்றன. இந்த மூன்றும் தெரிந்த பிள்ளை வாசிப்பின் வாசலுக்கு வந்துவிட்டான். அவனிடம் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "ஓம், கதிரைதான். இந்தப் புத்தகத்தில் அதுக்கு நாற்காலி என்று பேர்."

நான் இதை இவ்வளவு பெரிதாக எடுப்பதற்குக் காரணம் எங்கள் எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் 'க' ஒரே எழுத்து. கல்லில் ஒரு சத்தம், தங்கத்தில் இன்னொரு சத்தம், மகனில் வேறொன்று. 'ப'வும் அப்படித்தான், பட்டத்தில் ஒன்று, தம்பியில் ஒன்று. எந்த இடத்தில் எந்தச் சத்தம் என்று எழுத்து சொல்லாது. அந்தச் சொல் முதலே காதில் இருக்கிற பிள்ளைக்குத்தான் வாய் தானாகத் திரும்பும். காதில் இல்லாத சொல்லை அவன் ம-க-ன் என்று கூட்டி முடித்தாலும் அது வெறும் சத்தமாகவே கிடக்கும். ஆகவே முதல் புத்தகங்களை அவன் வாயில் ஏற்கெனவே புழங்குகிற சொற்களைப் பார்த்து எடுங்கள். குளம், மாடு, மழை, மயில், அம்மம்மா, சைக்கிள், கதிரை, யன்னல். புதுச் சொல் பக்கத்துக்கு ஒன்று வந்தால் போதும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துப் பதறவேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247ஐயும் வரிசையாக எழுதினால்தான் வாசிக்கலாம் என்றில்லை. ப, ட, ம் என்ற மூன்றே மூன்று தெரிந்தால் 'படம்' வாசித்துவிடலாம். 'ட்' ஒன்றைச் சேர்த்தால் 'பட்டம்'. 'படம்' என்பதில் 'ப'வுக்கு ஒரு கால் (ா) போட்டால் 'பாடம்'. பழைய கலண்டர் மட்டையில் வெட்டிக் கொடுங்கள், தரையில் அடுக்கி விளையாடட்டும். பாட்டில் வரிசை வரும், எழுத்து வராது. நீங்கள் கண்டது அதைத்தான். ரயில் பெட்டி மாதிரி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகிற எழுத்துகளில் 'ம'வைத் தனியாகக் கழற்றி எடுக்க அவனுக்கு இன்னும் தெரியாது. அது குறையல்ல.

கஷ்டமான இடங்கள் உண்டு. கெ, கே, கை என்பவற்றில் குறி முன்னுக்கு நிற்கும், சத்தம் பின்னுக்கு வரும். கொ, கோ என்றால் இரண்டு பக்கமும். உகர வரிசையில் கு, டு, து, மு, சு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். பெரிய பிள்ளைகளே தடுமாறுகிற இடம் இது. இவற்றுக்கெல்லாம் தரம் 1, தரம் 2 இருக்கிறது. தரம் 1க்குப் போனதும் பாடநூலை அரசாங்கம் இலவசமாகத் தரும். அதை முன்கூட்டியே எடுத்து வீட்டில் முடித்துவிட வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நாலரை வயதுப் பிள்ளையின் பாயில் விழவே கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கிளிநொச்சிக் கடையில் நின்று இதைச் செய்யுங்கள். புத்தகத்தை விரித்து, எழுத்தைக் கையால் மறையுங்கள். படத்தை மட்டும் பார்த்து உங்களால் கதை சொல்ல முடிகிறதா? பிறகு கையை எடுங்கள். பக்கத்துக்கு ஒன்று இரண்டு வரிதானா, எழுத்து பெரிதா, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறதா? ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நல்லது, மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளை முந்திக்கொண்டு சொல்வான். பளபளப்பான மட்டையும் உள்ளே எழுத்துப் பிழையுமாக வருகிற மலிவுப் புத்தகங்களை வாங்காதீர்கள். ஒரே பக்கத்தில் முப்பது படத்தை நெருக்கி வைத்த பெயர்ப் புத்தகம் ஒன்று போதும். அது கதைப் புத்தகம் ஆகாது. மொத்தமாக இரண்டு கதைப் புத்தகம் வாங்கினால் காணும். ஒரே புத்தகத்தை இருபது தரம் கேட்டால் இருபது தரமும் வாசியுங்கள். மிச்சத்துக்கு உங்கள் பிரதேச சபை நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அந்த நேரம் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் ஏதாவது நடக்கும், மகனையும் கூட்டிப்போங்கள்.

இனிப் போன். பிரதம் புக்ஸ் என்ற இந்திய நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, காசில்லை. முதல் நிலைக் கதைகளை மட்டும் எடுங்கள்; 250 சொல்லுக்குள் முடிந்துவிடும். ஆசியா பவுண்டேசனின் லெட்ஸ் ரீட் செயலியிலும் தமிழ்க் கதைகள் உண்டு, வைபை உள்ள இடத்தில் இறக்கி வைத்தால் பிறகு டேற்றா இல்லாமலே வாசிக்கலாம். நூலகம் என்ற இணையத்தளம் 2005இலிருந்து ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது உங்களுக்கு. ஸ்கான் செய்த பக்கங்கள் என்பதால் சின்னப் போனில் பிள்ளைக்குக் கண் நோகும், ஆனால் அம்மம்மா காலத்துப் பாட்டும் கதையும் தேடி எடுத்து அவனுக்குச் சொல்லலாம்.

ஸ்டோரிவீவரில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் உரிமம். அங்கே இருக்கிற கதையை அச்சடிக்கலாம், மாற்றியும் எழுதலாம், எழுதியவர் வரைந்தவர் பெயரை விட்டுவிடக் கூடாது, மாற்றினால் மாற்றியது என்றும் குறிக்கவேண்டும். அப்படியென்றால் 'நாற்காலி'யைக் 'கதிரை' ஆக்கலாம், 'பாட்டி'யை 'அம்மம்மா' ஆக்கலாம், திருட்டு இல்லை. கொமினிக்கேசன் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, நடுவில் ஊசிநூலால் தைத்துவிடுங்கள். நிறம் தீட்டுவது அவன் வேலை. பெயர்கள் உள்ள கடைசிப் பக்கத்தையும் சேர்த்துத் தைக்க மறக்கவேண்டாம்.

எல்லாவற்றையும் எங்கள் பேச்சுக்கு மாற்றிவிடச் சொல்லவில்லை. நாங்கள் "மழை பெய்யுது" என்போம், புத்தகம் "மழை பெய்கிறது" என்னும். அந்தப் புத்தகத் தமிழும் அவன் காதுக்குப் பழகவேண்டும். முதல் தரம் படத்தைக் காட்டி வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லுங்கள். இரண்டாம் தரம் அச்சில் உள்ளபடி வாசியுங்கள். கதை தெரிந்த பிறகு புதுத் தமிழ் அந்நியமாக இராது.

யூரியூப்பைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் குசினிக்குள் போகவேண்டாம், அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவிக்கொண்டிருக்கும். மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்குத் திரை ஒரு நாளில் மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதற்குள் பத்து நிமிடம், நீங்களும் பக்கத்தில் இருந்து, ஒரு கதை.

இவ்வளவுக்கும் மேலாக நான் நம்புகிற புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய், பாலைப்பழக் காலத்தில் மகள் சொன்னதை அப்படியே கொப்பித் தாளில் எழுதினாள், பக்கத்துக்கு ஒரு வரி. "பாலைப்பழம் ஒட்டும்." "கை ஒட்டும்." "வாய் ஒட்டும்." "அம்மாவும் ஒட்டும்." கடைசிப் பக்கத்தில் பிள்ளை இரண்டு வட்டம் வரைந்து ஒன்றோடொன்று சேர்த்திருந்தாள். தான் சொன்ன சொல் தாளில் இருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை, அவளே உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். நாலே நாளில் 'ஒட்டும்' என்ற சொல்லை எங்கே கண்டாலும் கைகாட்டினாள்.

உங்கள் மகனுக்கும் இப்படி ஒன்று எழுதுங்கள். அப்பாவோடு குளத்துக்குப் போனது, மயில் தோட்டத்துக்குள் வந்தது, எதுவானாலும். அவன் சொல்கிற மாதிரியே, ஆறு பக்கம். எழுதி முடித்தால் வட்ஸ்அப்பில் ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். ர, ற எங்காவது மாறியிருந்தால் நான் திருத்தித் தருகிறேன், அதற்காக எழுதாமல் இருக்கவேண்டாம்.

அன்புடன்,
அக்கா